2024இல் மனதில் நின்றவை: படம், பாட்டு, கச்சேரி

ஒற்றைத்திரை
11 ஜனவரி 2025, காலை 9.40

பொங்கல் படங்கள் வந்து பேச்சை இழுத்துக்கொண்டு போவதற்குள் போன வருஷத்தைப் பேசி முடித்துவிடலாம். 2024இல் பார்த்த படம், கேட்ட பாட்டு, போன கச்சேரி, எதுவானாலும் சரி. பத்துப் படப் பட்டியல் மட்டும் போடாதீர்கள். அது எல்லா இடத்திலும் கிடைக்கிறது. எது பிடித்தது, அதில் எந்த இடம் உங்களைப் பிடித்து நிறுத்தியது என்று சொல்லுங்கள்.

நானே தொடங்குகிறேன். எனக்கு லப்பர் பந்து. செப்டம்பர் 20 அன்று வந்தது, இயக்குநர் தமிழரசன் பச்சமுத்துவுக்கு முதல் படம். எங்கள் ஊர்த் திரையரங்கில் முதல் நாள் பாதி நாற்காலி காலி. அடுத்த வாரம் அதே அரங்கில் டிக்கெட் இல்லை. கிரிக்கெட் படம் என்றுதான் போனோம். ஆனால் இரண்டு ஆட்டக்காரர்களின் வீராப்புக்கு நடுவில் மாட்டிக்கொண்ட அம்மாவும் மகளும்தான் படத்தைத் தாங்குகிறார்கள். கெத்து (அட்டகத்தி தினேஷ்) பெண்டாட்டிக்குத் தெரியாமல் ஆடப் போகிற மனுஷன். மனைவி யசோதை (ஸ்வாசிகா) டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்து மைதானத்தையே உழுதுபோடும்போது அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரிப்பு சீக்கிரமே அடங்கியும் விட்டது. வீட்டை ஒற்றை ஆளாகச் சுமந்த வருஷங்கள் அவ்வளவும் ஸ்வாசிகா முகத்தில் இருந்தன.

விஜயகாந்த் காலமானது 2023 டிசம்பர் 28. கெத்து மட்டையோடு களத்தில் இறங்க, மைக்செட்டில் விஜயகாந்த் நடித்த பொன்மனச்செல்வன் படத்தின் "நீ பொட்டு வச்ச தங்கக் குடம்" போகிறபோது என் வரிசையில் ஐம்பது வயதுக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். 1989இல் இளையராஜா போட்ட பாட்டு. விஜயகாந்துக்கு ஒழுங்காக அஞ்சலி செலுத்த இடம் கிடைக்காமல் இருந்த ஜனங்களுக்கு அந்தப் படம் இடம் கொடுத்தது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. இன்னொரு ஆட்டக்காரன் அன்புவை (ஹரிஷ் கல்யாண்) ஜாலி பிரண்ட்ஸ் அணியில் சேர்க்காததற்குக் காரணம் சாதி. படம் அதற்காக யாரையும் மேடையேற்றிப் பேசவைக்கவில்லை. டீம் போடுகிற பேச்சு, யார் யாரைக் கூப்பிடுகிறார்கள், யார் ஓரமாக நிற்கிறார்கள் என்பதிலேயே சொல்லிவிடுகிறது. ஊர் மைதானங்களில் நடப்பதும் அப்படித்தான்.

வல்லநாட்டான்
11 ஜனவரி, காலை 11.05

அண்ணாச்சி, லப்பர் பந்து நல்ல படம்தான், மாத்திச் சொல்ல மாட்டேன். ஆனா எனக்கு வாழைதான்.

எங்க பக்கம் தாமிரபரணித் தண்ணியில வாழைதான் பொழப்பு. தாரைத் தூக்கித் தோள்ல வச்சுச் சேத்துல நடந்து, வரப்பேறி, வாய்க்கால் தாண்டி லாரிகிட்ட கொண்டுபோய்ச் சேக்கணும். காம்புல இருந்து கறை வடிஞ்சு கழுத்து, சட்டை எல்லாம் ஏறும். எத்தனை சோப்பு போட்டாலும் அந்தக் கறை போவாது. பள்ளிக்கூடத்துல யார் வீட்ல காய் சுமக்கப் போறாங்கன்னு சட்டையப் பாத்தே சொல்லிரலாம். மத்த பிள்ளைகளுக்கு லீவுன்னா கொண்டாட்டம். படத்துல வர்ற பய சிவனணைஞ்சானுக்கு லீவு வருதுன்னாலே பயம். இது எங்க தெருவுல பாதிப் பேருக்குத் தெரிஞ்ச பயம். சினிமாவுல முதல் தடவையா பாத்தேன்.

மாரி செல்வராஜ் 1999இல தன் வீட்டுல விழுந்த இடியத்தான் எடுத்திருக்காரு. கூலி ஏத்திக் கேட்டபிறகு தார் ஏத்தின லாரி மேலயே ஆளுங்களையும் ஏத்தி விடுதாங்க பாருங்க, அங்கயே எனக்கு வயித்தக் கலக்கிட்டு. அடுத்து என்ன வரப்போவுதுன்னு எங்க ஊர்க்காரன் எவனுக்கும் தெரியும். செத்த வீட்டுல பசி தாங்காம அந்தப் பய சோத்துப் பானைகிட்டப் போற இடத்துல எங்க அம்மா "போதும், நிப்பாட்டு"ன்னு சொல்லிட்டா. நான் நிப்பாட்டல. அவளும் எந்திரிச்சுப் போகல.

பாதிப் படம் டீச்சர், ரஜினி கமல் சண்டைன்னு போவுதுன்னு சிலர் குறை சொன்னாங்க. அந்தச் சந்தோசம் இல்லேன்னா கடைசி அரைமணி நேரம் இப்படி அறையாது.

கட்டியங்காரன்
11 ஜனவரி, மதியம் 2.30

யாரும் சொல்லமாட்டீர்கள் என்று தெரியும், அதனால் நான் சொல்கிறேன்: ஜமா. ஆகஸ்ட் 2இல் வந்து வந்த சுவடு தெரியாமல் போனது. பாரி இளவழகன் எழுதி, இயக்கி, நடித்த படம். இசை இளையராஜா.

நான் செய்யாறு பக்கம். எங்கள் தாத்தா ஒரு ஜமாவில், அதாவது தெருக்கூத்துக் குழுவில், மத்தளம் அடித்தவர். பாரதக் கூத்து பத்து நாள் இருபது நாள் என்று நடந்து படுகளத்தில் முடியும். விடிய விடிய ஆடிவிட்டுக் காலையில் அரிதாரம் கலைக்கிறபோது அந்த முகங்களைப் பார்த்து வளர்ந்தவன். படத்தில் கல்யாணம் பெண் வேஷம் கட்டுகிறவன். திரௌபதியும் குந்தியும் அவன் பாத்திரங்கள். ஆனால் உள்ளுக்குள் ஆசைப்படுவது அர்ஜுனன் வேஷத்துக்கு, சொந்தமாக ஒரு ஜமாவுக்கு. பெண் வேஷம் கட்டிக் கட்டி அவன் நடையிலும் கையசைவிலும் அது ஒட்டிக்கொண்டுவிட்டது. ஊர் சிரிக்கிறது, பெண் கேட்டுப் போனால் தரமாட்டேன் என்கிறார்கள். இந்த வலி எங்கள் பக்கம் நிஜமானது. பெண் வேஷத்துக்கு ராத்திரி கும்பிடு போடுகிற அதே ஆட்கள் பகலில் அவரைக் கேலி பேசுவார்கள்.

ராஜா சாரைப் பற்றி ஒன்று. கூத்தில் முகவீணை, ஆர்மோனியம், மத்தளம், தாளம் இவைதான் இசை. படத்துக்கு இசை போடுகிறவர் இதன்மேல் வயலின் கூட்டத்தைக் கொட்டி அமுக்கிவிடலாம். அவர் அதைச் செய்யவில்லை. கூத்து நடக்கும்போது கூத்துக்காரன் குரலுக்கு வழிவிட்டு நிற்கிறார். எண்பது வயதுக்கு மேல் ஒருவருக்கு இந்த அடக்கம் இருக்கிறதே, அதை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

நாவற்குழி
11 ஜனவரி, இரவு 8.15

எல்லாருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். நான் மெய்யழகனை நெட்ஃபிளிக்ஸில அம்மாவோட இருந்து பார்த்தனான்.

தொடக்கத்தில, 1996இல தஞ்சாவூர் வீட்டை விட்டிட்டுப் போற கட்டம். அந்தப் பெடியன் வீட்டை விட மனமில்லாமல் நிக்கேக்க அம்மா எழும்பிக் குசினிக்குள்ள போயிட்டா. நாங்கள் 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட ஆக்கள். மழை. நாவற்குழிப் பாலத்தால சனம் அடி அடியா நகர்ந்தது. அண்டைக்கு எங்கட வீட்டுக்குச் சைக்கிள்தான் லொறி. அரிசி மூட்டை, உடுப்பு, அதுக்கு மேல என்ர தங்கச்சி. படத்தில வீடு போறது சொந்தக்காரரின்ர சொத்துப் பிரச்சினையால, எங்களுக்கு யுத்தத்தால. காரணம் வேற. திறப்பைப் பூட்டில திருப்புற கை ஒண்டுதான்.

அதால அருள்மொழி (அரவிந்த் சாமி) விட்டிட்டுப் போன சைக்கிள் மற்றவனின்ர குடும்பத்தைத் தூக்கி விட்டது எண்டு கார்த்தி சொல்லேக்க அம்மா திரும்ப வந்து இருந்தா. பிறகு கலியாண மேடையில புவனாவுக்கு அருள்மொழி நகை போட்டு விடுற கட்டம். அங்க நடிச்சதெல்லாம் கையும் கண்ணும்தான், வசனம் கொஞ்சம். அம்மா அந்தக் கட்டத்தை இரண்டாம் தரம் போடச் சொல்லிப் பார்த்தவ. அரவிந்த் சாமி இவ்வளவு நாளும் எங்க இருந்தவர் எண்டு கேட்டவ.

"யாரோ இவன் யாரோ" பாட்டைக் கமல் பாடினதையும் சொல்ல வேணும். வயசு போன குரல்தான், ஆனா பாட்டுக்குத் தேவையான களைப்பு அதில இருக்கு. இசையமைப்பாளர் கோவிந்த் வசந்தா ஆளைத் தெரிஞ்சுதான் பாட வச்சிருக்கிறார்.

இரவு_ஷிப்ட்
11 ஜனவரி, இரவு 11.50

நாவற்குழி அக்கா, நீங்க எழுதினதப் படிச்சிட்டு ஒரு நிமிஷம் ஒண்ணும் தோணல. அம்மாவ விசாரிச்சதா சொல்லுங்க.

ஆனா படத்தோட நீளத்தப் பத்தி நான் சொல்லித்தான் ஆகணும். ரிலீசுக்கு அப்புறம் 18 நிமிஷம் வெட்டினாங்க. நான் வெட்டினதுக்கு அப்புறம்தான் பார்த்தேன், அப்பவும் ராத்திரிப் பேச்சு எனக்கு நீளமாத்தான் இருந்துச்சு. கார்த்தி பேசுறது எல்லாமே நல்ல பேச்சுதான். ஆனா ஒரு படம் முழுக்க ஒருத்தர் அன்பக் கொட்டிக்கிட்டே இருந்தா, பார்க்கிறவனுக்கு மூச்சு விட இடம் வேணும்ல? முதல் பாதியில கல்யாண வீட்டுல அவர் பேர் என்னன்னு தெரியாம அரவிந்த் சாமி தவிக்கிறது எவ்வளவு கச்சிதம்! ரெண்டாவது பாதியிலயும் அந்தக் கச்சிதம் இருந்திருக்கலாம்.

ஒற்றைத்திரை
12 ஜனவரி, காலை 7.20

தம்பி, முழு நீளத்தையும் திரையரங்கில் பார்த்தவன் என்ற முறையில் மறுக்கிறேன். ஒரு ராத்திரி முழுக்க தூங்காமல் பேசிக்கொண்டிருந்தால் பேச்சு ஒரு கட்டத்தில் தேவையில்லாத இடங்களுக்கெல்லாம் போகும். அந்த அலைச்சல் இருந்தால்தான் விடிகாலையில் அருள் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போவது உறைக்கும். இவ்வளவு கொடுத்தவனின் பெயர்கூடத் தெரியவில்லையே என்ற வெட்கம் ஒரு மணி நேரத்தில் சேராது. இயக்குநர் பிரேம்குமார் மனசில்லாமல்தான் வெட்டியிருப்பார் என்று நம்புகிறேன்.

மோர்சிங்
12 ஜனவரி, காலை 10.10

படத்திலேயே நிற்கிறீர்களே, பாட்டுக்கு வரலாமா?

எனக்கு 2024 என்றால் இறந்தவர்கள் பாடிய வருஷம். ஜனவரியில் லால் சலாமின் "திமிரி எழுடா"வில் ஷாகுல் ஹமீதும் பம்பா பாக்யாவும். ஜூனில் கோட் படத்தின் "சின்னச் சின்ன கண்கள்" பாட்டில் பவதாரிணி. செப்டம்பரில் வேட்டையன் "மனசிலாயோ"வில் மலேசியா வாசுதேவன். நாலு பேரும் செயற்கை நுண்ணறிவு வழியாக வந்தவர்கள். லால் சலாமுக்கு இசை போட்ட ரகுமான், குடும்பங்களிடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்ததாகச் சொன்னார். அது சரியான முறை, குறை சொல்லவில்லை. மனசிலாயோவில் வாசுதேவனின் மகன் யுகேந்திரனே சேர்ந்து பாடியிருக்கிறார்.

என் சங்கடம் காதோடு சம்பந்தப்பட்டது. இந்த முறையில் பொதுவாக வேறொருவர் பாட்டைப் பாடிக் கொடுக்கிறார், அதன்மேல் மறைந்தவரின் குரல் நிறம் ஏற்றப்படுகிறது. நிறம் வாசுதேவனுடையது. மூச்சு எங்கே எடுக்க வேண்டும், எந்த எழுத்தை அழுத்த வேண்டும், எங்கே கொஞ்சம் கிண்டல் சேர்க்க வேண்டும் என்று முடிவு செய்தவர் வேறு ஒருவர். திருடா திருடாவில் "ராசாத்தி என் உசுரு என்னுதில்ல" கேளுங்கள். பக்கவாத்தியம் என்று எதுவும் இல்லை, சுற்றிலும் மனிதக் குரல்கள்தான். அதில் ஷாகுல் ஹமீது ஒரு சொல்லை எப்படி விடுகிறார், அடுத்ததற்கு முன் எவ்வளவு காத்திருக்கிறார் என்று கவனியுங்கள். அவரை அவராக்கியது அந்தக் காத்திருப்புதான். அதை எந்தப் பழைய ஒலிப்பதிவிலிருந்தும் பிரித்தெடுத்து இன்னொரு பாட்டில் வைக்க முடியாது.

மூன்று நாளைக்கு முன்னால் திருச்சூரில் பாடகர் ஜெயச்சந்திரன் சார் போய்விட்டார். "ராசாத்தி உன்ன காணாத நெஞ்சு" பாட்டை நேற்று முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன். நாளைக்கே அவர் குரலிலும் ஒரு புதுப் பாட்டு வந்தால் எனக்குத் தாங்காது.

இரவு_ஷிப்ட்
12 ஜனவரி, மதியம் 12.35

மோர்சிங் சார், மனசிலாயோ விஷயத்துல ஒத்துக்கறேன். சின்னச் சின்ன கண்கள் வேற.

பவதாரிணி போனது ஜனவரி 25. அந்தப் பாட்டு வந்தது ஜூன் 22. அஞ்சு மாசம்கூட ஆகல. யுவன் தன் அக்கா குரலத் தான் போட்ட பாட்டுல வச்சிருக்கார். அதக் கேக்கும்போது இது டெக்னாலஜியான்னு யோசிக்கவே எனக்குத் தோணல. எங்க அண்ணன் போனப்புறம் அவன் வாட்ஸ்அப்ல அனுப்பின வாய்ஸ் மெசேஜ எங்க அம்மா இன்னும் தினம் கேக்கறாங்க. ஒரு வீட்டுல இருக்கறவங்க அப்படிச் செய்யறத வெளியில இருந்து நாம சரி, தப்புன்னு சொல்லலாமான்னு தெரியல.

எனக்குப் போன வருஷப் பாட்டுன்னா சாய் அபயங்கர்தான். கட்சி சேர ஜனவரியில, ஆச கூட ஜூன்ல. ரெண்டும் சினிமாவுல வரல. ஹீரோ இல்ல, கதை இல்ல, ஆடியோ லாஞ்ச் இல்ல. இருபது வயசு ஆள் போட்ட பாட்டு கல்யாண வீட்டு டிஜே வரைக்கும் வந்துருச்சு. ஆச கூட பாட்டுல சாய் ஸ்மிருதி குரல் நுழையற இடத்த கவனிங்க. தாளம் ஆடச் சொல்லுது, குரல் அவசரமே இல்லாம வருது. ராப் பாடற பால் டப்பாவையும் சேத்துக்கோங்க. பிரதர் படத்து மக்காமிஷி ஹாரிஸ் பாட்டுதான், ஆனா நமக்கு ஞாபகம் நிக்கறது இவரோட வாய். சினிமாவுக்கு வெளிய இருந்து வந்த குரல்கள சினிமா தேடிப் போகுது. அது நல்ல சேதி.

மோர்சிங்
12 ஜனவரி, மதியம் 1.15

அண்ணனைப் பற்றி எழுதியதற்கு நன்றி தம்பி. அக்கா தம்பி விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். அந்தப் பாட்டை நான் இந்தக் கணக்கில் சேர்க்காமல் விடுகிறேன். மற்றவை பற்றிய சங்கடம் அப்படியேதான் இருக்கிறது. உங்கள் தலைமுறையில் இத்தனை புதுக் குரல்கள் வாய்ப்புக்குக் காத்திருக்கும்போது பழைய குரலை எழுப்பவேண்டிய அவசியம் என்ன? நீங்கள் சொன்ன பாட்டுகளே என் கட்சிக்குச் சாட்சி.

கஞ்சிரா_பிரியை
12 ஜனவரி, மாலை 4.45

கச்சேரி பற்றி இன்னும் யாரும் வாய் திறக்கவில்லையே.

பெரிய மைதானக் கச்சேரி ஒன்றுக்குப் போனேன், பெயர் வேண்டாம். டிக்கெட் காசுக்கு வீட்டில் நல்ல ஸ்பீக்கர் வாங்கியிருக்கலாம். மேடை திரையில்தான் தெரிந்தது. பேஸ் சத்தத்தில் பாடகர் என்ன பாடினார் என்றே விளங்கவில்லை. சுற்றி இருந்தவர்கள் பாடியதால்தான் எந்தப் பாட்டு என்று கண்டுபிடித்தேன். அந்தக் கூட்டுப் பாட்டு நன்றாகத்தான் இருந்தது, அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் என் வருஷம் மார்கழியில்தான். சென்னை மியூசிக் அகாதெமியில் டி.எம். கிருஷ்ணாவுக்குச் சங்கீத கலாநிதி விருது என்று மார்ச்சில் அறிவித்ததிலிருந்து டிசம்பர் 16இல் உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவு வரை எல்லாரும் எல்லாவற்றையும் பேசிவிட்டார்கள். டிசம்பர் 25 கச்சேரிக்கு எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. இத்தனை வருஷம் கழித்து அவர் அந்த மேடையில் உட்கார்ந்து பாடுவதை நேரில் கேட்க வேண்டும் என்று அவ்வளவு ஆசை.

கிடைத்தது மத்தியானக் கச்சேரிகள். சபாக்களில் மத்தியானம் இளம் கலைஞர்களுக்கு நேரம் கொடுப்பார்கள், நிறைய இடங்களில் நுழைவு இலவசம். கேண்டீனில் சாப்பிட்டுவிட்டு அசந்துபோய் உள்ளே வருகிற முப்பது பேர்தான் சபை. அப்படி ஒரு கச்சேரி, பாடிய பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருந்தால் அதிகம். சஹானாவை எடுத்து விஸ்தாரம் செய்தாள். அவசரப்படவில்லை, மேலே போகக் கூப்பிடுகிற ராகத்தை ரிஷபத்திலேயே வெகுநேரம் நிறுத்திவைத்தாள். முன்வரிசைப் பெரியவர் "ஆகா" என்றார், அவள் சிரித்துவிட்டாள்.

பிறகு தனி, தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கிற பகுதி. வழக்கம்போல பாதிப்பேர் எழுந்து போனார்கள். அவர்களுக்காக வருத்தப்படுகிறேன். மிஸ்ரசாபு, ஏழு எண்ணிக்கைத் தாளம். கஞ்சிராப் பையன் வாசிப்பதற்கு முன்னால் தோலின் உள்பக்கம் தண்ணீர் தெளித்துத் தடவி, தட்டிப் பார்த்து, மறுபடி தெளித்தான். அரங்கின் ஏசி காற்றில் தோல் இறுகி சுருதி ஏறிவிடும், ஈரம் பட்டால்தான் அந்தக் கும்கி, அந்த ஆழமான நாதம், இறங்கி வரும். மிருதங்கத்துக்கு இரண்டு பக்கம், இரண்டு கை. இவனுக்கு உள்ளங்கை அளவு தோலும் ஒரு கையும். குறைப்பில் இரண்டு பேரும் நெருங்கி வந்து கோர்வையில் சேர்ந்தபோது உள்ளே மீதி இருந்த பதினைந்து பேரும் தாளத்தை விடாமல் போட்டுக்கொண்டிருந்தோம்.

அதற்குச் சில நாள் முன்னால்தான், டிசம்பர் 15இல், தபலா மேதை ஜாகிர் உசேன் காலமானார். பிப்ரவரியில்தான் அவருடைய சக்தி குழுவுக்குக் கிராமி கிடைத்தது. அந்த ஒரே இரவில் அவருக்கு மூன்று. சக்தியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சிரா வாசித்தவர் நம் செல்வகணேஷ். எழுபதுகளில் அதே இடத்தில் அவர் அப்பா விக்கு விநாயக்ராம் கடத்தோடு இருந்தார். தபலாவும் கஞ்சிராவும் ஒன்றையொன்று கேட்டுக் கேட்டு வாசிக்கிற அந்தப் பதிவுகளைத்தான் இந்த மாதம் முழுக்க ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பெயர்கூடச் சரியாகக் கேட்டு வைத்துக்கொள்ளாத அந்தக் கஞ்சிராப் பையனும் அதைக் கேட்டு வளர்ந்தவன் என்பது அவன் விரல்களில் தெரிந்தது.

கட்டியங்காரன்
12 ஜனவரி, மாலை 6.00

கஞ்சிரா அம்மா, தனிக்கு எழுந்து போவதைப் பற்றி நீங்கள் சொன்னது கூத்துக்கும் பொருந்தும். ராத்திரி ரெண்டு மணிக்கு முக்கால்வாசி ஊர் தூங்கிவிடும். அந்த நேரத்தில்தான் வாத்தியார் தன் நல்ல சரக்கை எடுப்பார்.

பூம்_மைக்
12 ஜனவரி, இரவு 10.25

ஒலிப்பதிவுத் துறையில் இருக்கிறேன், அதனால் கொட்டுக்காளியை நான்தான் சொல்ல வேண்டும். வாழை வந்த அதே ஆகஸ்ட் 23இல் வந்தது. அதற்கு முன்பே பெர்லின் திரைப்பட விழாவில் திரையிட்டிருந்தார்கள். பி.எஸ். வினோத்ராஜின் இரண்டாவது படம். முதல் படம் கூழாங்கல் 2021இல் ராட்டர்டாமில் டைகர் விருது வாங்கியது.

படத்தில் பின்னணி இசை என்று ஒன்று கிடையாது, பாட்டும் கிடையாது. ஆட்டோவின் இன்ஜின், காற்று, கட்டிப்போட்ட சேவலின் சிறகடிப்பு, தூரத்து மைக்செட். சூரியின் பாண்டிக்குத் தொண்டை கட்டிக் குரல் கரகரக்கிறது. பெண்கள் எல்லாரையும் அதட்டுகிற ஆளுக்கு அதட்டக் குரல் இல்லை. அன்னா பென்னின் மீனா வாயே திறப்பதில்லை. பேய் பிடித்திருக்கிறது என்று சாமியாடியிடம் கூட்டிப்போகிறார்கள். பிடித்திருப்பது வேறு சாதிப் பையன் மேல் வந்த காதல் என்று எல்லாருக்கும் தெரியும். பாண்டி எல்லாரையும் அடிக்கிற இடத்தில் ஒரு சாதாரணப் படமாக இருந்தால் முரசு, வயலின் எல்லாம் வந்து "கோபப்படு, அழு" என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கும். இங்கே கை விழுகிற சத்தமும் மூச்சும் மட்டும் வருகின்றன. அது இசையைவிடத் தாங்க முடியாததாக இருந்தது.

வழியில் ஒரு காளை மறித்துக்கொண்டு நிற்க, மீசைக்காரர்கள் அத்தனை பேரும் தயங்குகிறார்கள். ஒரு சின்னப் பெண் வந்து அதைக் கூட்டிக்கொண்டு போகிறாள். வினோத்ராஜ் அதற்கு ஒரு குளோசப்கூட வைத்து அழுத்தவில்லை.

வல்லநாட்டான்
12 ஜனவரி, இரவு 11.10

பூம் மைக் அண்ணே, படம் எனக்கும் பிடிச்சுது. ஆனா முடிவு? சாமியாடி வேற பொண்ணுக்குச் செய்யறத நின்னு பாத்துட்டுப் பாண்டி திரும்பி நடக்கான், அத்தோட முடிஞ்சிட்டு. எங்க தியேட்டர்ல லைட் போட்டதும் "அவ்வளவுதானா?"ன்னு சத்தம் போட்டாங்க. நானும் அந்த நேரம் ஏமாந்துதான் போனேன். அவன் மாறினானா இல்லையான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?

பூம்_மைக்
12 ஜனவரி, இரவு 11.40

தம்பி, மாறினான் என்று முடித்திருந்தால் அது பாண்டியின் கதையாகிவிடும். அடித்தவன் திருந்துகிறான், நமக்கு நிம்மதி. அவன் பார்த்ததை நாமும் பார்த்தோம். சாமியாடியின் கை அந்தப் பெண்மேல் எங்கே போகிறது என்பதை அவன் கண்ணால்தான் நமக்குக் காட்டினார்கள். மாறுவதற்கு வேண்டிய எல்லாம் அவனுக்குக் கொடுத்தாயிற்று. இனி அவன் மாறுவதும் மாறாததும் மீனா ஒப்புக்கொள்வதையோ மறுப்பதையோ தீர்மானிக்காது. அவள் படம் முழுக்கத் தன் முடிவை மாற்றிக்கொள்ளவே இல்லை.

வீட்டில் பார்ப்பதானால் ஹெட்போன் போட்டு, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துப் பாருங்கள். ஆட்டோ நின்று இன்ஜின் அணைகிற ஒவ்வொரு தடவையும் மீனாவின் பக்கம் என்ன சத்தம் மிஞ்சுகிறது என்று கவனித்துவிட்டு வந்து எழுதுங்கள், பேசலாம்.